மூன்றாவது வரியை அழி!

சேந்தமங்கை என்று ஒரு ராஜ்யம். அங்கே ராஜா உண்டு, யானை உண்டு, செல்போனும் உண்டு. எப்படி என்று கேட்காதீர்கள், அந்த ஊர் அப்படித்தான்.

ராஜா வீரகேசரிக்கு விருந்து வைப்பதென்றால் பைத்தியம். ஆனால் பந்தியில் யாரும் "சாம்பார், சாம்பார்" என்று கத்தக் கூடாதாம். போனில் அரண்மனை ஆப்பைத் திறந்தால் பதார்த்தங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். வேண்டியதைத் தொட்டால் பரிமாறுகிறவர் ஓடி வருவார்.

அந்த ஆப்பைக் கட்டிய மகானுபாவர் பெயர் ஆணைநாயகம். போன் திரைக்கு வாய் ஓயாமல் உத்தரவு போடுவதுதான் அவர் கண்ட வித்தை. "இங்கே ஒரு கோடு போடு. அதன் கீழே சாதம் என்று எழுது. அதன் கீழே இன்னொன்று எழுது." ஒரு அப்பளம் தீர்ந்தால்கூட அடி, தள்ளு, ஏற்று, மறை என்று அரைப் பக்கத்துக்கு உத்தரவு. இதில் வேறு, "உத்தரவு போடத் தெரியாதவன் ஆப் கட்டவே வரக் கூடாது" என்று மீசையை முறுக்குவார். கொடுமை!

அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் சிகாமணி. வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சபையிலேயே கேட்டுவிட்டான்: "ஐயா, தும்மல் வந்தால் மூக்குக்கும் உத்தரவு போடுவீர்களா?"

சபை சிரித்தது. ஆணைநாயகம் சிரிக்கவில்லை. இவனைத் தொலைத்துக்கட்ட வேண்டும் என்று கறுவிக்கொண்டார்.

வாய்ப்பும் வந்தது. இளவரசியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரிய விருந்து. பந்தி நடுவில் பட்டியலிலிருந்து சாம்பார் காணாமல் போய்விட்டது! அடுப்பில் அண்டா நிறைய சாம்பார் கொதிக்கிறது, போனில் மட்டும் இல்லை. வடையோ எப்போதோ தீர்ந்துவிட்டது, போனில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா வடமலையார் வடையைத் தொட்டார், தொட்டார், தொட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. "வெறும் சோற்றுக்கா எங்களைக் கூப்பிட்டீர்கள்?" என்று எழுந்துவிட்டார்.

ராஜாவுக்கு மானம் போயிற்று. மறுநாள் காலையில் விசாரணை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் சிம்மாசனத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். புகார் சொன்னவருக்கு முதல் இடம். வடமலையார் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் தலைமைச் சமையல்காரர் கோவிந்தப்பர் முதலில் நின்றார். அடுத்து ஆணைநாயகம். மூன்றாவதாகச் சிகாமணி.

"மகாராஜா, என் ஆப் சுத்தத் தங்கம்!" என்று தொண்டையைக் கனைத்தார் ஆணைநாயகம். "சாதம், சாம்பார், வடை என்று வரிசையாக வைத்திருந்தேன். வடை தீர்ந்ததும் ‘மூன்றாவது வரியை அழி’ என்று முறைப்படி உத்தரவும் போட்டேன். இவன்தான் நடுவில் பட்டியலில் கை வைத்துக் கெடுத்துவிட்டான்."

"உண்மையா?" என்று உறுமினார் ராஜா.

"மகாராணி பாயசத்தை முதலில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்" என்றான் சிகாமணி.

"பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டான்!"

"இவனை மொட்டையடித்து நாட்டை விட்டுத் துரத்துங்கள்" என்றார் ராஜா.

இந்த ஊரை விட்டால் சிகாமணிக்குப் போக்கிடம் ஏது? பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். செய்ததெல்லாம் இந்த மீசை, மழிக்கப்போவது என் தலையையா?

"மகாராஜா, ஒரே ஒரு ஆசை. இந்தத் தண்டனைக்கு ஐயாவே ஆணை எழுதட்டும். திரைக்கு எழுதுவாரே, அதே மாதிரி."

ஆணைநாயகத்துக்கு வாயெல்லாம் பல். "பேரெல்லாம் எதற்கு? எண் போதும்" என்று எழுதி, உரக்கப் படித்தார்: "வரிசையில் மூன்றாவதைப் பிடி. உட்கார வை. மொட்டையடி. எல்லைக்கு அப்பால் தள்ளு."

ராஜா முத்திரை குத்தினார். குத்திய ஆணையில் யாரும் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. நாவிதர் கத்தியைத் தீட்டினார்.

"புகார் சொன்னவர் வரட்டுமே" என்றான் சிகாமணி. "அவர் கண்ணால் பார்த்தால்தானே கோபம் ஆறும்?"

"அதுவும் சரி" என்றார் ராஜா. வடமலையாரை அழைத்துவந்து முதல் இடத்தில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஓரடி தள்ளி நின்றார்கள்.

காவலர்கள் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஆணைநாயகத்தின் கழுத்தைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"அடப்பாவிகளா! நான் இல்லை, அவன்!"

"மூன்றாவது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், ஐயா?" என்றான் காவலன். நாவிதர் தண்ணீர் தெளித்து, உச்சந்தலையில் ஓர் இழுப்பும் இழுத்துவிட்டார்.

"நிறுத்து!" என்று கத்தினார் ராஜா. "என்னடா கூத்து இது?"

"விருந்தில் நடந்த அதே கூத்துதான், மகாராஜா. பாயசம் முதலில் வந்ததும் வடை நாலாவதாகப் போயிற்று, சாம்பார் மூன்றாவதாயிற்று. ஐயாவின் உத்தரவு வடை எங்கே என்று பார்க்கவில்லை. மூன்றாவதைப் போட்டுத் தள்ளிவிட்டது."

ராஜா மோவாயைச் சொறிந்தார். "பின்னே எப்படித்தான் எழுதுவது?"

"எதை எங்கே நகர்த்துவது என்று எழுதவே வேண்டாம். கடைசியில் எப்படி இருக்க வேண்டுமோ அதை மட்டும் சொன்னால் போதும். ‘சமையலறையில் இருப்பது பட்டியலில் இருக்கும், தீர்ந்தது இருக்காது.’ அவ்வளவுதான். மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் திரையின் பாடு."

"அப்படியானால் இந்தத் தண்டனையை உன் முறையில் சொல்லு பார்ப்போம்."

பாதி மழித்த தலையோடு ஆணைநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

சிகாமணி கைகட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "சாம்பாரை அழித்தவர் தலையில் முடி இருக்காது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வடமலையாரும் சிரித்தார். நாவிதர் யாரையும் எண்ணவில்லை, இடமும் மாறவில்லை. விட்ட இடத்திலிருந்து மழிக்க ஆரம்பித்தார்.