அடிச்சட்டித் தயிர்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். அங்கே பிறந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் தாமாகத் தேடி வந்தவர்கள். ஒரே அடுப்பு, ஒரே மாடு, ஒரே தயிர்ச்சட்டி. வடிவம்மாள் அவர்களுக்குக் குரு. தன்னைவிட மூத்த சீடரான ஆவுடையப்பனை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவர் கூசுவார். அவள் விடமாட்டாள்.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவர் குற்றத்தைப் பேசுவதில்லை. அதில் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமைகூட.

கடைசியாகச் சாப்பிடுகிறவர் ஒரு கரண்டித் தயிரை மிச்சம் வைக்க வேண்டும். சாயங்காலப் பாலுக்கு அதுதான் உறை. கொஞ்ச நாளாக யாரோ அதையும் வழித்துத் தின்றார்கள். யாரும் கேட்கவில்லை. நாளைக்கு இருக்குமோ என்னவோ என்று முன்னால் வருகிறவர்கள் தாராளமாக ஊற்றிக்கொண்டார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்ட மந்திரமூர்த்தியும் அவர் மனைவி பிரம்மநாயகியும் தொழுவ வேலை முடிந்து கடைசியில் வருவார்கள். பால் கறந்தவர்களுக்கு ரசம்தான் மிஞ்சியது.

ஒருநாள் இருவரும் துணிகளை மடித்துப் பையில் வைத்தார்கள். மகளுக்கு உடம்பு சரியில்லை, நாளைச் சாயங்கால பஸ்ஸில் போகிறோம் என்றார்கள். அவர்களுக்கு மகளே கிடையாது. அதையும் யாரும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்கள் போனால் மாடு போகும். மாடு போனால் ஒவ்வொருவராகப் போவார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவர் அவர். இந்த இடமும் கலைந்தால், மகன் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில்தான்.

அன்று மாலை உறை வாங்கக் கிண்ணத்தோடு அக்கரைக்குப் போனார். அங்கே ஒரு கொட்டகையில் அப்பளம் போடும் பெண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் கிண்ணத்தில் தயிர்ச்சட்டியைச் சாய்த்தாள்.

"ஏட்டி, குடிக்கப் போறியா, குளிக்கப் போறியா?" என்றாள் இன்னொருத்தி.

கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே பாதியைத் திருப்பி ஊற்றினாள். உறை கேட்டு வந்தவருக்கும் சட்டியில் தயிர் இருந்தது.

திரும்பி வந்து வடிவம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இனிமேல் தானே கரண்டியை வைத்துக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றிவிடுவதாகவும் சொன்னார். பிறகு மனம் தாங்காமல் கேட்டார்:

"அவங்க வாயைக் கேக்க முடியலை. இங்கே ஒரு கடுஞ்சொல் உண்டா? ஆனா அங்கே சட்டியிலே தயிர் நிக்குது, இங்கே நிக்கலையே. ஏம்மா?"

"நாளைக்குச் சாப்பிடும்போது சொல்லுதேன். கரண்டி என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் தொழுவத்திலிருந்து அந்த இருவரும் வரும்வரை அவள் யாரையும் உட்காரவிடவில்லை. எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்ததும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டாள். இன்னொரு கரண்டி. எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். கிண்ணம் நிறைந்தது. ஒரு சொம்பை எடுத்து அதிலும் ஊற்றத் தொடங்கினாள். யாரோ தொண்டையைச் செருமிவிட்டு, செருமியதற்காக வருந்துவதுபோல் குனிந்துகொண்டார்.

ஆவுடையப்பன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடி தெரிந்தது. பிரம்மநாயகி வழக்கம்போல ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை தானாக நீண்டு குருவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"போதும் தாயீ. மத்தவன் வயிறு என்ன வாடகைக்கு எடுத்ததா?"

எல்லோரும் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். முதலில் சிரித்தவர் மந்திரமூர்த்தி. அவர் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை. பிறகு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குள்ளே சங்கரபாண்டி என்கிற பெரியவர், அடிச்சட்டியை இத்தனை நாளும் வழித்தது தான்தான் என்றார். முதல் நாள் பயந்துகொண்டேதான் வழித்தாராம். யாருமே கேட்காததால், யாருக்கும் வேண்டாம்போல என்று நினைத்துக்கொண்டாராம்.

பிரம்மநாயகி அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குச் சட்டியிலே கையை வச்சுப் பாருங்க அண்ணே. உங்க இலையிலே மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணியை ஊத்துதேனா இல்லையான்னு."

நாளைக்கு என்றாள். ஆவுடையப்பன் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது.

அப்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார். இன்னும் குருவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சட்டென்று விட்டார். மன்னிக்க வேண்டும் என்று எழுந்து நின்றார்.

வடிவம்மாள் சொம்பையும் கிண்ணத்தையும் சட்டியில் கவிழ்த்தாள். கரண்டியைப் பிரம்மநாயகியிடம் நீட்டினாள்.

"இத்தனை நாளும் விருந்தாளியாத்தான் இருந்தீங்க அண்ணாச்சி. வீட்டுக்கு இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. உக்காருங்க, சாப்பிடலாம்."