நகராத எழுத்து

"கண் ஏன் மேடம் ஒரு நொடிகூட அடங்கி இருக்க மாட்டேங்குது?"

தவச்செல்வன் இப்படிக் கேட்டபோது டாக்டர் நஸீமா ஆய்வுக்கூடத்து வாசல்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்தால் அவர் அங்கேதான் இருப்பார். கேள்வியோ புகாரோ, மாணவர்கள் அங்கே வந்துதான் சொல்ல வேண்டும்.

"உட்காரு" என்றார்.

அவனால் உட்கார முடியவில்லை. வாசல்படிக்கும் தூணுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை கமிட்டி. அவன் ஆய்வு மாணவனாகத் தொடரலாமா, ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதானா என்று அவர்கள் முடிவு சொல்வார்கள். அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. திரும்பிப் போய் நின்றால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று சில நாட்களாகவே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாக்கியமும் அமையவில்லை.

கண் ஆய்வுக்கு வருமுன் அவன் கேமரா கம்பெனி ஒன்றில் இருந்தவன். எடுப்பவர் கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் பார்த்துக்கொள்வது அங்கே அவன் வேலை. கண்ணையும் அதே வழியில் சரிசெய்து காட்டுகிறேன் என்று சொல்லித்தான் இங்கே இடம் வாங்கியிருந்தான்.

"எது வரைக்கும் வந்திருக்கே?"

"முன்னால இருக்கிற கோணலையெல்லாம் எடுத்தாச்சு மேடம். கருவிழி வளைவுலயும் உள்ளே லென்ஸுலயும் ஆளுக்கு ஆள் ஒரு கோணல் இருக்கு. அதுக்கு எதிர்க் கோணலா ஒரு கண்ணாடியை வளைச்சு வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"வெளிச்சம் போற துளையைச் சின்னதாக்கினேன். தெளிஞ்சுது. இன்னும் சின்னதாக்கினேன். மறுபடியும் கலங்கிடுச்சு."

"ஏன்?"

"ரொம்ப ஒடுக்கினா வெளிச்சமே விளிம்புல பட்டு விரியுது. நடுவாந்தரமா ஒரு அளவுல நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"விழித்திரையில ஒளியை வாங்குற செல்லெல்லாம் எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு பார்த்து, கருவிக்குள்ள படிக்கக் காட்டுற எழுத்தோட கோட்டை அதுக்குத் தகுந்த மாதிரி வச்சேன். எல்லாம் சரி. ஆனா கண் ஆடுது மேடம். வெறிச்சுப் பார்த்தாலும் உள்ளுக்குள்ள துடிச்சுக்கிட்டே இருக்கு. எவ்வளவு நல்ல கேமராவா இருந்தா என்ன, ஆடினா படம் எங்கே உருப்படும்?"

"அதுக்கு என்ன பண்ணினே?"

"கண் போற பக்கமே எழுத்தும் கூடப் போற மாதிரி பண்ணிட்டேன். இப்போ கண்ணுக்குள்ள எழுத்து விழுற இடம் மயிரிழைகூட நகராது."

நஸீமா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"எழுத்து எப்படித் தெரியுது?"

"அதுதான் மேடம் பிரச்சினை. ஜெபராணி எல்லாத்தையும் கெடுத்துட்டா."

"நான் என்னத்தல கெடுத்தேன்?"

குரல் உள்ளேயிருந்து வந்தது. வாய் கொப்பளித்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி ஜெபராணி வெளியே வந்தாள். நாகர்கோவில்காரி. அவனோடு சேர்ந்த மாணவி.

அவன் கருவியில் உட்காருபவர் தலை அசையக் கூடாது. அதற்காகத் தன் பல் பதிந்த மெழுகுக் கட்டியைக் கடித்தபடியே இருக்க வேண்டும். பேச முடியாது. எழுத்து தெரிந்தால் மேசையில் ஒரு தட்டு. தெரியாவிட்டால் இரண்டு தட்டு.

"எழுத்து வந்ததும் ஒரு தட்டு தட்டினே. சரி. கொஞ்ச நேரத்துல ரெண்டு தட்டு. எழுத்து அங்கேயேதான் இருக்கு. நீ தூங்கிட்டே."

"வாயில மெழுகைக் கடிச்சிட்டு எவன்ல ஒறங்குவான்? எச்சி வழியாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுத்து போச்சு மக்கா. வெளுத்துச்சு, கரைஞ்சுச்சு, போச்சு. நான் என்ன செய்ய?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான்."

அவன் நஸீமாவின் பக்கம் திரும்பினான். "இவ சொன்னதை மட்டும் நீக்கிடலாமா மேடம்? கவனம் இல்லாத ஆள்னு ஒரு வரி போட்டுட்டு..."

"போடுல, நல்லாப் போடு. எங்க அம்மை சின்ன வயசுலேருந்து அதைத்தான் சொல்லிட்டு இருக்கா. கமிட்டியும் சொன்னா அவளுக்குச் சந்தோசம்."

நஸீமா சிரிக்கவில்லை.

"நீ உட்கார்ந்தியா?" என்று அவனைக் கேட்டார்.

தவச்செல்வன் நடப்பதை நிறுத்தினான்.

"எதுல மேடம்?"

"உன் கருவியில."

தூணில் கை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"உட்கார்ந்தேன்."

"என்ன ஆச்சு?"

ஜெபராணி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எனக்கும் மறைஞ்சுடுச்சு மேடம். என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். அதனால எழுதல. நல்ல கண்ணு இருக்கிற ஆள் ஒருத்தர் வந்து உட்கார்ந்தா சரியாயிடும்னு இருந்தேன்."

"பாவி" என்றாள் ஜெபராணி. ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

நஸீமா மடியில் இருந்த தோலை உதறினார். பக்கத்தில் கிடந்த சொட்டுமருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு அட்டையைக் கிழித்தார். சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அட்டையின் நடுவே ஒரு துளை போட்டு அவனிடம் நீட்டினார்.

"ஒரு கண்ணை மூடிக்கோ. இதை இன்னொரு கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு வானத்தைப் பாரு. சூரியன் பக்கம் திரும்பாதே."

பார்த்தான்.

"வெறும் வானம்தான் தெரியுது."

"அட்டையை ஆட்டு. சின்னதா, வேகமா, வட்டமா."

அவன் ஆட்டினான்.

"மேடம்!"

வானம் முழுக்க ஒரு மரம் நின்றது. இலை இல்லாத மரம். கறுத்த கிளைகள், கிளையிலிருந்து கிளை, நுனியில் நூல் நூலாகப் பிரிந்தவை. எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றுவிட்டன.

"என்னல தெரியுது? எனக்கும் தா" என்றாள் ஜெபராணி. அவன் தரவில்லை.

"என்ன மேடம் இது?"

"உன் ரத்தக்குழாய். ஒளியை வாங்குற செல்லுக்கு முன்னாடி குறுக்கே ஓடுது. அதோட நிழல்."

"இப்பத்தான் வந்துச்சா?"

"நீ பிறந்ததிலேருந்து இருக்கு. கண் எங்கே போனாலும் கூடவே போய் ஒரே இடத்துலதான் விழும். அந்த நிழல் விழாம நீ எதையும் பார்த்ததே இல்ல."

"அப்போ இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ஏன் மேடம் தெரியல?"

நஸீமா எழுந்து வந்தார். அட்டையைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைப் பற்றி அசையாமல் நிறுத்தினார்.

மரம் வெளுத்தது. கரைந்தது. இல்லாமல் போனது.

அவர் பிடியை விடவில்லை.

"நாளைக்குக் கமிட்டிக்கு என்ன காட்டப் போறே?"

"மறைஞ்சதை, மேடம். நகராம நின்னா எதுவும் தெரியாது, அதுக்குத்தான் கண் அடங்காம ஆடுது."