ஏழாம் களத்துக்கு நீர்

மாவலியார் தம் குருவைவிட இருபது வயது மூத்தவர். முப்பது ஆண்டுகள் படை நடத்திவிட்டு, அறுபதாம் வயதில் வாளை அரண்மனையில் ஒப்படைத்து, குருந்தடிகளிடம் மாணாக்கராய் வந்து சேர்ந்தவர்.

"எனக்குக் காவி எப்போது தருவீர்கள், சுவாமி?" என்று ஒருநாள் கேட்டார்.

"உம்மைத் தூங்கவிடாதது எது?"

"நான் போரிட்ட ஏழு களங்கள்."

"வண்டியைப் பூட்டும். ஏழையும் பார்த்து வருவோம். திரும்பியதும் தருகிறேன்."

பாதை நெடுக வண்டியை மாவலியாரே ஓட்டினார். ஒவ்வொரு களத்திலும் இறங்கி, யானைகள் நின்ற மேடு இது, குதிரைகள் சரிந்த ஓடை இது என்று அடிகளுக்குக் காட்டினார். பிறகு அங்கே மாண்ட தம் வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, எள்ளும் நீரும் இறைத்தார். ஆயிரம் பேருக்குக் கேட்கும் குரல் அவருக்கு. ஒரு பெயரைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. சில பெயர்களை மட்டும் அழுகை நடுவில் முறித்தது.

ஆறாம் களத்தில் செம்பு வற்றிவிட்டது.

"கடைசிக் களத்துக்கு நீர் வேண்டுமே" என்றார் அடிகள்.

"கவலை வேண்டாம், சுவாமி. வழியில் பெரிய ஏரி ஒன்று உண்டு. எங்கள் படை மூன்று நாள் குடித்தும் நீர்மட்டம் ஒரு படிகூட இறங்காத ஏரி!"

உச்சிப்பொழுதில் வண்டி நின்றது. கண்ணுக்கு எட்டியவரை முட்செடியும் வெடித்த மண்ணும்தான்.

"வழி தவறிவிட்டோம்" என்றார் மாவலியார்.

இடுப்பில் குடத்துடன் ஒரு பெண் அவ்வழியே வந்தாள்.

"அம்மா, இங்கே ஓர் ஏரி இருந்ததே. அது எந்தப் பக்கம்?"

அவள் சிரித்துவிட்டாள். "ஏரிக்குள்ளேயே வண்டிய நிறுத்திட்டு எந்தப் பக்கம்னு கேக்கறீங்களே, பெரியவரே!"

"நீர்?"

"அது நான் பொறந்த வருசமே போச்சு. ஏதோ ஒரு படை தோத்து ஓடுச்சாம். பின்னாடி வர்றவனுக்குத் தண்ணி கிடைக்கக் கூடாதுன்னு கரைய வெட்டி விட்டுட்டுப் போயிட்டாங்களாம். அடுத்த மழையில மதகும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. பிழைக்கப் போன பாதி ஊரு திரும்பவே இல்ல."

"வெட்டச் சொன்னவன் யாராம்?" என்று கேட்டார் அடிகள்.

"பேரு தெரிஞ்சிருந்தா, பேரைச் சொல்லித் திட்டியிருப்போமே, சாமி! தெரியாததால பொதுவாத் திட்டிக்கிட்டிருக்கோம்."

மாவலியாரின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கியது. "வெயில்ல வந்திருக்கீங்க. செம்ப நீட்டுங்க. அரைக் காதம் நடந்து கொண்டாந்தது, சிந்தாமக் குடிங்க."

செம்பு நிறையச் சாய்த்துவிட்டு, குறைக்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

மாவலியார் செம்பைப் பார்த்தபடி நின்றார்.

"இங்கே ஒருவரும் சாகவில்லை, சுவாமி. நான் குதிரையைவிட்டு இறங்கக்கூட இல்லை. 'கரையை வெட்டுங்கள்' என்று சொன்னதோடு சரி. அன்று மாலையே மறந்துபோனேன். இதை ஒரு களமாக நான் எண்ணவே இல்லை."

மாவலியார் செம்பை இரு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"ஏழாம் களத்தில் என் ஆட்கள் முந்நூறு பேர் காத்துக் கிடக்கிறார்கள். இந்த நீரை அவர்களுக்கு இறைக்கக் கை வரவில்லை. குடிக்கவும் வாய் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அடிகள் பாதையைப் பார்த்தார்.

"ஆறு களங்களிலும், இனிக் கேட்க முடியாத மாண்டவர்களின் பெயர்களை உரக்கச் சொன்னீர். இங்கே சொல்ல வேண்டியது ஒரே பெயர். அவள் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போகிறாள்."

மாவலியார் வாயைத் திறந்தார். குரல் எழவில்லை. வெயிலில் அந்தக் குடம் சிறுத்துக்கொண்டே போயிற்று.