மஞ்சப்பையில் வந்த குடும்ப மரம்

மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஷெர்லினுக்கு வயது முப்பது. அவளிடம் மாணவராகச் சேர்ந்த ஞானசிகாமணிக்கு அறுபத்தேழு. வயது கிடக்கட்டும், அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தப்பு செய்தால் பயப்படவும் செய்வார்.

அன்று காலை மூச்சு வாங்கப் படியேறி வந்தவர் கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவர் ஊரிலிருந்தே பார்க்கும்படி அவர் வீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த குடும்ப மரம் என்ற வம்சாவளி இணையதளம் அதற்குள்தான் இருந்தது. மனிதர் பிளக்கைப் பிடுங்கி அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்!

"என்ன சார், மரத்த வேரோட பிடுங்கிட்டு வந்திட்டீங்களா?"

"கேலி பண்ணாதீங்க டீச்சர். நெஞ்சு படபடன்னு அடிக்குது."

விஷயம் இதுதான். அவருடைய தங்கை ரெத்னபாய் போன வாரம் இறந்துபோனாள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அந்தக் குடும்ப மர மென்பொருள் யாருக்கும் காட்டாது. இன்று காலை இவர் இறந்த தேதியைப் போட்டார். போட்டதுதான் தாமதம், தங்கையின் பக்கம் பப்பரப்பே என்று திறந்துகொண்டது. அதில் ஞானசிகாமணி எழுதி வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து தெரிந்தது: ரெத்னபாயின் மகள் ஜெசிந்தா தத்துப் பிள்ளை.

ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. இறந்தவருக்கான ஜெபக் கூட்ட நோட்டீஸ் அடிக்க அம்மாவின் பிறந்த தேதி வேண்டும், சாயங்காலம் அந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. அதுக்குள்ள பிடுங்கிட்டேன்."

"உங்களுக்கு இத யாரு சொன்னது?"

"ரெத்னந்தான். போன வருசம் ஆஸ்பத்திரியில கிடக்கும்போ. 'எனக்குப் பொறவு நீதான் அவகிட்ட சொல்லணும் அண்ணா, வேற யாரும் அறியாண்டாம்'னா."

"நீங்க யாருகிட்ட சொன்னீங்க?"

"சத்தியமா ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல!"

"பேக்கப் எங்கெல்லாம் இருக்கு?"

"தம்பிட்ட ஒண்ணு. மஸ்கட்டுல மகன்ட்ட ஒண்ணு."

"பாஸ்வேர்டு போட்டிருக்கீங்களா?"

"மறந்துபோவும்னு போடல்ல."

"அப்போ ரெண்டு பேர்ட்ட சொல்லியாச்சு."

ஞானசிகாமணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவமானத்தில் காது சூடேறியது.

ஷெர்லின் கம்ப்யூட்டரை இன்டர்நெட் இல்லாமல் ஓடவிட்டு அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தாள். "மூணு இடத்துலயும் அழிச்சிருவோம் சார்."

"அழிச்சா உண்மை போயிராதா டீச்சர்? மூலம் போனாலும் காப்பி இருக்கணும்னு நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க?"

"ரெத்னபாய் அம்மா காப்பி எடுத்து வச்சிட்டுத்தான் போயிருக்காங்க."

"எங்க?"

"என் முன்னால உக்காந்திருக்கு."

ஷெர்லின் குறிப்பை அழித்தாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெசிந்தாவத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். அவ முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல்ல. எழுதிப் போட்டுட்டா என்னைக்காவது அவளே படிச்சுக்கிடுவான்னு விட்டுட்டேன்." குறிப்பு அழிந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் வயசாச்சு. நாளைக்கு நானும் போயிட்டா?"

ஷெர்லின் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். காலி மஞ்சப்பையை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். நீங்க ஜெசிந்தா வீட்டுக்குப் போவ எந்த பஸ் சார்?"