உச்சி வெயிலுக்குள் புளியங்குளம்

வெள்ளச்சியை அவள் கணவன் தொங்கன் உயிரோடு கடைசியாகப் பார்த்தது அல்லி ஏரிக் கரையில். இரண்டும் கூழைக்கடாப் பறவைகள். ஏரி வற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் தெற்கே புளியங்குளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மலை.

“வாங்க, எல்லாரும் மலையைச் சுற்றித்தான் போறாங்க,” என்றாள் வெள்ளச்சி.

“சுற்றுவதா! மலைக்கு மேலே நேராகப் போனால் பாதித் தூரம்தான். உச்சி வெயிலுக்குள் இறங்கிவிடுவேன். பொழுது சாய நீ வரும்போது உனக்கு மீன் பிடித்து வைத்திருப்பேன்!”

ஒரு மழைக்காலத்தில் தொங்கன் அப்படிப் பறந்தது உண்மைதான். அந்தக் கதையை அவன் சொல்லாத பறவை இல்லை. கேட்டுக் கேட்டுச் சலிக்காத தவளையும் இல்லை.

“அண்ணே, அன்னிக்குக் காற்று உங்க முதுகில் இருந்தது. இன்னிக்கு முகத்தில் அடிக்குது!” என்றது நீர்க்காகம்.

“அரை முழ இறக்கை உனக்கு. நீ தூரத்தைப் பற்றிப் பேசாதே!”

வெள்ளச்சி சிரித்தாள். “மீன் இல்லாட்டியும் பரவாயில்லை. நீங்க அங்கே இல்லாட்டி நான் தேடி வந்திடுவேன்.”

“தேடு, தேடு!” என்று சொல்லிவிட்டு எழும்பினான் தொங்கன்.

மலை முகட்டில் காற்று அவனைப் பிடித்துக்கொண்டது. அலகின் கீழே தொங்கும் பை குடம்போல் உப்பியது. இறக்கையை அடித்தான். கீழே ஒரு பாறை. இன்னும் அடித்தான். அதே பாறை. உயிரைக் கொடுத்து அடித்தான். பாறை இப்போது அவனுக்கு முன்னால் இருந்தது!

பாறைமேல் உட்கார்ந்திருந்த குரங்கு அண்ணாந்து பார்த்தது. “என்ன பெரியவரே, பின்பக்கமாகவும் பறப்பீங்களா?”

“வழியைச் சரிபார்க்கிறேன்!” என்று கத்தினான் தொங்கன். அடுத்த நொடி முட்புதரில் கிடந்தான்.

இரவு முழுவதும் அங்கேதான். மறுநாள் காலையில், முள்ளில் சிக்கிய இறக்கையை இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நிழல் அவனைக் கடந்து வடக்கே பாய்ந்தது. ‘அடேயப்பா, என்ன வேகம்! யாரோ கெட்டிக்காரன்!’ என்று வியந்தான்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, மலையைச் சுற்றி, மரத்துக்கு மரம் இளைப்பாறிப் புளியங்குளம் போய்ச் சேர்ந்தான். நீர்க்காகம் எதிரே வந்தது. அது கேலி செய்யவில்லை.

“வெள்ளச்சி எங்கே?”

“நேற்று வந்ததும் கூட்டுக்குக் குச்சி வெச்சாங்க. ராத்திரி தூங்கவே இல்லை. விடிஞ்சதும் உங்களைத் தேடிப் போனாங்க அண்ணே. நீங்க சொன்ன நேர்வழியிலேயே.”

“காற்று?”

“முதுகில்தான் இருந்தது.”

தொங்கனுக்கு அந்த நிழல் நினைவுக்கு வந்தது.

காற்று அவளைப் பாறையில் மோதிவிட்டது என்று குரங்குதான் பிறகு வந்து சொன்னது.

தொங்கன் அந்தக் குளத்தை விட்டு எங்கும் போகவில்லை. “தாத்தா, அல்லி ஏரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று பறவைகள் கேட்டால், “எனக்கு எப்படித் தெரியும்? அந்த மழைக்காலத்தில் பறந்தது காற்று. நான் அதன்மேல் கிடந்த மூட்டை!” என்பான். பறவைகள் சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

வந்து சேரும் நேரத்தை வீம்புக்குச் சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் காத்திருப்பார்.

வெள்ளச்சி வைத்த குச்சிகள் கருவேல மரத்தில் அப்படியே இருக்கின்றன.