ஏழு தெருவுக்கு ஒரு மாசிலாமணி

நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டிப் பேர் வாங்கிய மாசிலாமணி, அந்தப் புகழிலேயே பேரூராட்சித் தலைவராகிவிட்டார். ஆன கையோடு ஊரின் ஏழு தெருக்களுக்கும் தன் பெயரையே வைத்தார்.

அல்லாடியது தபால்காரி செங்கமலம்தான். கல்யாணப் பத்திரிகை துக்க வீட்டுக்குப் போனது. ஒருத்தருக்கு வந்த வேலை உத்தரவு வேறு வீட்டில் கிடந்து தேதி கடந்தது. திட்டெல்லாம் அவளுக்கு. பொறுக்க முடியாமல் தலைவரிடமே போய் முறையிட்டாள்.

"பேரை மாத்த முடியாதும்மா. இனி ஒரு கடுதாசி தப்பாப் போனாலும் மேலிடத்துக்கு எழுதி உன் வேலையைக் காலி பண்ணிடுவேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை மொத்தத் தபாலையும் அவர் வீட்டுக் கூடத்தில் கொட்டினாள்.

"என்னம்மா இது?"

"தப்பாப் போகக் கூடாதுன்னீங்களே ஐயா. மாசிலாமணி தெரு ஏழு இருக்கு. மாசிலாமணி நீங்க ஒருத்தர்தானே?"

சற்று நேரத்தில் தபால் கேட்டு ஊரே அவர் வாசலில் கூடியது. தலைவர் ஓர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த மாசிலாமணி தெரு?" என்று எரிச்சலோடு கேட்டார்.

"அதைத்தாங்க நாங்களும் கேட்கிறோம்" என்றது கூட்டம்.

அந்த வாரமே ஆறு தெருக்களுக்குப் பழைய பேர் திரும்பியது.