விடைபெறுகிறவன் குடிக்கும் கிண்ணம்

"ஆசானே, எனக்கு இன்னைக்கே விடை குடுங்க" என்றான் தபசி.

மூட்டை தோளில் தொங்கியது. செருப்பைக்கூட அவன் கழற்றவில்லை.

மலையடி வைத்தியப் பள்ளியில் அவனுக்கு அது ஏழாவது வருடம், கடைசி வருடம். முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

ஆசான் கீரிப்பூண்டு மூலிகையை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

தபசி கொட்டித் தீர்த்தான். மேலே தேயிலைத் தோட்டத்தில் அவன் சனங்கள் மூட்டு வீங்கிக் கிடக்கிறார்கள். தோட்டத்து டாக்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்துக் கொழுந்து பறிக்கத் துரத்துகிறார். கேட்க நாதியில்லை. இங்கேயோ ஆறு வருடம் ஓதியதையே ஏழாவது வருடமும் ஓதுகிறார்கள், புதிதாக ஒரு சொல் கிடையாது. தூங்கிக்கொண்டே ஒப்பிப்பேன் என்றும் சொன்னான், கொஞ்சம் பெருமையாகவே.

"நெசந்தான். தூங்கிட்டுத்தான் ஒப்பிச்சே" என்றார் ஆசான்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆசான் பாடத்தைக் கடைசி வருடத்தாருக்குத்தான் சொல்வார். அவர்கள் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடைபெறும் நாளில், தன்னிடம் படித்தவர்கள் காய்ச்சிய மருந்தை ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

"குடிச்சிட்டுப் போ."

தபசிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மலைக்குப் போகிற பஸ் வரும் நேரம். சீக்கிரம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

அருளம்மை கொண்டுவந்தாள். நாற்பது வயதில் வந்து சேர்ந்த முதல் வருடத்துக்காரி. வயதில் சின்னவன் என்றாலும் சொல்லித்தந்தவன் என்பதால் அவனை அண்ணாச்சி என்பாள்.

"சேராங்கொட்டைப் பால், மூட்டுவீக்கத்துக்குக் குடுக்கிறது. நல்லா ஆத்தியிருக்கேன் அண்ணாச்சி."

கிண்ணத்தை உயர்த்தியவன், வாத்தியார் பழக்கத்தில், எப்படிக் காய்ச்சினீர்கள் என்று கேட்டான்.

அருளம்மை கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். "கொட்டையைச் சாணிப்பாலில் ஊறவை. கழுவு. இடி. பாலில் காய்ச்சு."

அவனுடைய ராகம். கொட்டாவி வரும் இடத்தில் அவன் விடுகிற இழுப்புகூட அப்படியே இருந்தது.

கிண்ணம் உதட்டருகே நின்றது.

"மூக்கை வெட்டினீங்களா அக்கா?"

"எந்த மூக்கை?"

"கொட்டையோட மூக்கை, அந்த நுனியை. அதை வெட்டாமப் போட்டா குடலெல்லாம் புண்ணாயிடும்."

"நீங்க அப்படி ஒண்ணு சொல்லவே இல்லையே அண்ணாச்சி."

அப்போதுதான் தபசி பார்த்தான். ஆசானின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

"அந்த வரியை ஆறு மாசமா விட்டுட்டுத்தான் உனக்குச் சொல்றேன்" என்றார் அவர். "இன்னைக்காவது என்னை நிறுத்திக் கேப்பியா, நாளைக்காவது கேப்பியான்னு உன் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

தபசி கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

அருளம்மை உள்ளே போய் ஒரு பெரிய பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். வாயை வாழையிலையால் இறுகக் கட்டியிருந்தாள்.

"இதுவும் அதே பால்தான். போகப்போறேன்னு நாலஞ்சு நாளாச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே, தோட்டத்துச் சனங்களுக்குன்னு எல்லாரும் சேர்ந்து காய்ச்சினோம். நீங்க கொண்டுபோக."

கீழே பஸ் ஹார்ன் அடித்தது. ஒருமுறை. மறுமுறை.

தபசி குனிந்து செருப்பைக் கழற்றினான்.